ஸ்கெலிட்டன்: உலர்ந்த பெயர், உயிருள்ள உறுப்பு

சொல்லின் பிறப்பு

ஆங்கிலத்தில் 'ஸ்கெலிட்டன்' என்பது உடலைத் தாங்கி நிற்கும் எலும்புகளின் முழுத் தொகுதியைக் குறிக்கும் சொல். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் கிரேக்கம். 'ஸ்கெலெட்டோஸ்' என்றால் கிரேக்கத்தில் 'உலர்ந்தது' என்று பொருள். 'உலர்ந்த உடல்' என்ற தொடர் சுருங்கி, உடல் என்ற பகுதி உதிர்ந்து, உலர்ந்தது என்ற அடைமொழியே பெயராக நின்றுவிட்டது. பதப்படுத்தி உலர்த்திய பிணத்தையும் கிரேக்கர் இதே சொல்லால் சுட்டினர். ஆக, பிறக்கும்போதே இந்தச் சொல் இறந்த உடலைப் பார்த்துப் பிறந்தது. சதை அழுகிக் கரைந்து, நீர் வற்றி, மிச்சமாகக் கிடந்த எலும்புகளே அன்றைய மருத்துவரின் கண்ணுக்கு எட்டியவை.

அன்றைய மருத்துவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காலன் என்ற கிரேக்க மருத்துவர், மனித எலும்புகளை நேரில் பார்த்துப் படிக்க விரும்புவோர் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போக வேண்டும் என்று எழுதினார். மனித உடலை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அரிது. குரங்கு முதலிய விலங்குகளை அறுத்துக் கண்டதையே அவர் பெரும்பாலும் மனித உடலுக்கும் பொருத்தினார். அவர் சொன்னவற்றை எலும்போடு எலும்பாக வைத்துச் சரிபார்த்தவர் பெல்ஜியப் பகுதியில் பிறந்த ஆந்திரேயாஸ் வெசாலியஸ். 1543இல் வெளியான அவருடைய உடற்கூற்று நூலின் ஏழு பாகங்களில் முதல் பாகமே எலும்புகளையும் குருத்தெலும்புகளையும் பற்றியது. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் என்று காலன் சொன்னதை மறுத்து, அது ஒரே எலும்பு என்று வெசாலியஸ் காட்டினார். அதே ஆண்டில் அவர் கோத்து நிறுத்திய ஓர் எலும்புக்கூடு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள உடற்கூற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

இந்தியாவில் எலும்புகளை எண்ணும் முயற்சி இதற்கு வெகுகாலம் முன்பே நடந்தது. சரக சம்ஹிதை 360 என்றும், சுஸ்ருத சம்ஹிதை 300 என்றும் கணக்குச் சொல்கின்றன. இன்றைய கணக்கைவிட இவை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் எளிது. பற்களும் குருத்தெலும்புகளும் அவற்றில் அடக்கம். சரகர் நகங்களையும் சேர்த்தே எண்ணினார். சுஸ்ருதர் எலும்புகளை ஐந்து வகையாகப் பிரித்தார். அவற்றில் ஒரு வகைக்கு 'தருணம்', அதாவது இளமையானது, என்று பெயர். இன்று குருத்தெலும்பு என்று சொல்லப்படுவது அதுவே.

தமிழில் 'எலும்புக்கூடு' என்ற சொல்லும் கிரேக்கச் சொல்லைப் போலவே பேச்சு வழக்கில் இறந்த உடலையே நினைவூட்டுகிறது. அதனால் அறிவியல் எழுத்துக்கு வேறு சொற்கள் தேவைப்பட்டன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'எலும்பு மண்டலம்' என்றும் 'சட்டகம்' என்றும் எழுதுகின்றன. இலங்கையின் தமிழ்ப் பாடநூல்கள் 'வன்கூடு' என்கின்றன. எலும்பை 'என்பு' என்றும், குருத்தெலும்பைக் 'கசியிழையம்' என்றும் அவை குறிக்கின்றன. என்பு பழந்தமிழ்ச் சொல். திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில் அது பலமுறை வருகிறது. அங்கே எலும்பு உயிரோடும் அன்போடும் சேர்த்தே பேசப்படுகிறது. இன்றைய உயிரியல் வந்து சேர்ந்திருக்கும் இடமும் அதற்கு நெருங்கியதே. எலும்பு மண்டலம் என்பது நரம்பும் குருதியும் ஓடுகிற, தேய்ந்து தேய்ந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்கிற உயிருள்ள உறுப்பு. பெயரில் உள்ள உலர்வு பொருளில் இல்லை.

எண்ணிக்கையும் அமைப்பும்

வளர்ந்த மனித உடலில் எலும்புகள் 206. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 270 இருக்கும். குழந்தை வளர வளரச் சில எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால் எண்ணிக்கை குறைகிறது. முதுகுத்தண்டில் தொடக்கத்தில் 33 முள்ளெலும்புகள் உண்டு: கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5, அதற்குக் கீழே 5, வால் பகுதியில் 4. கீழே உள்ள ஐந்தும் சேர்ந்து திரிகம் என்ற ஒரே எலும்பாகின்றன. வால் பகுதியின் நான்கும் சேர்ந்து வால் எலும்பாகின்றன. எனவே பெரியவருக்கு முதுகுத்தண்டின் கணக்கு 26. மண்டையோட்டிலும் இத்தகைய மாற்றம் நடக்கிறது. பச்சிளம் குழந்தையின் உச்சந்தலையில் கை வைத்தால் மெத்தென்று துடிக்கும் உச்சிக்குழி, மண்டை எலும்புகள் இன்னும் ஒன்றையொன்று தொடாத இடைவெளி. பிறக்கும்போது தலை குறுகிய வழியில் வெளிவரவும், பிறந்த பின் மூளை விரைந்து வளரவும் அந்த இடைவெளி இடம் தருகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்குள் அது மூடிக்கொள்ளும்.

206 எலும்புகளையும் இரு பெரும் பிரிவாக வகுப்பது மரபு. உடலின் நடு அச்சாக நிற்பது அச்சுச் சட்டகம். அதில் 80 எலும்புகள். மண்டையோட்டில் 22, இரு காதுகளுக்குள்ளும் சேர்த்து 6, தொண்டையில் நாவடி எலும்பு 1, முதுகுத்தண்டில் 26, மார்புக்கூட்டில் 25. மார்புக்கூட்டின் 25இல் விலா எலும்புகள் 24, நெஞ்செலும்பு ஒன்று. கை கால்களும் அவற்றை அச்சோடு பிணைக்கும் வளையங்களும் சேர்ந்தது இணையுறுப்புச் சட்டகம். அதில் 126 எலும்புகள். தோள் வளையத்தில் காறை எலும்புகளும் தோள்பட்டை எலும்புகளுமாக 4, கைகளில் 60, இடுப்பு வளையத்தில் 2, கால்களில் 60.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது எலும்புகள் எங்கே குவிந்திருக்கின்றன என்பது. மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை ஒரு கையில் 27 எலும்புகள். கணுக்கால் முதல் விரல் நுனி வரை ஒரு பாதத்தில் 26. இரு கைகளும் இரு பாதங்களும் சேர்ந்தால் 106, அதாவது உடலின் மொத்த எலும்புகளில் பாதிக்கும் மேல். நுணுக்கமான அசைவு எங்கே வேண்டுமோ அங்கே எலும்புகள் சிறியனவாகவும் பலவாகவும் இருக்கின்றன. எடை தாங்க வேண்டிய இடத்தில் அவை நீண்டும் தடித்தும் இருக்கின்றன. மிக நீளமான தொடை எலும்பு, ஆளின் உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு. மிகச் சிறியது காதினுள் ஒலியைக் கடத்தும் அங்கவடி எலும்பு. நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். நாவடி எலும்பு இன்னொரு வகையில் தனித்தது. அது வேறு எந்த எலும்போடும் மூட்டாக இணையாமல், தசைகளாலும் தசைநார்களாலும் தொங்கி நிற்கிறது; விழுங்குவதற்கும் பேசுவதற்கும் அது வேண்டும்.

206 என்பது எல்லோருக்கும் பொருந்தும் மாறா எண் என்று கொள்ளக் கூடாது. சிலருக்குக் கழுத்தருகே கூடுதலாக ஒரு விலா எலும்பு இருக்கும். சிலருக்கு மண்டையோட்டுப் பொருத்துகளில் சிறு துண்டெலும்புகள் இருக்கும். மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் 'போன் செட்' என்று வாங்கி, எலும்பைக் கையில் வைத்துத் தடவித் தடவிப் படிப்பது எண்ணிக்கைக்காக அல்ல. எந்த மேட்டில் எந்தத் தசை பற்றுகிறது, எந்தத் துளை வழியே எந்த நரம்பு போகிறது என்பதை எண்ணிக்கை சொல்லாது; எலும்பின் மேடு பள்ளங்களே சொல்லும். உலகெங்கும் உள்ள கல்லூரிகளுக்கு நெடுங்காலம் கல்கத்தாவிலிருந்து மனித எலும்புக்கூடுகள் கப்பலேறின. மனித எலும்பு ஏற்றுமதிக்கு இந்திய அரசு 1985இல் தடை விதித்தது. அதன் பிறகு பல நாட்டு மாணவர்கள் பிளாஸ்டிக் மாதிரிகளை நம்பத் தொடங்கினர்.

எலும்பு எதனால் ஆனது

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த, ஹைட்ராக்ஸிஅபடைட் வகையைச் சேர்ந்த மிக நுண்ணிய படிகங்கள் அவை. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற நார்ப்புரதம். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீரும் உண்டு. கனிமம், கொலாஜன் ஆகிய இரண்டின் வேலைப் பங்கீட்டை வீட்டுச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். நன்றாகச் சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் வினிகரில் மூழ்க வைத்தால், சிறிது நேரத்தில் அதன் மேல் நுண்ணிய குமிழிகள் எழும். வினிகரின் அமிலம் எலும்பின் கனிமத்தைக் கரைக்கிறது. அதிலுள்ள கார்பனேட் வாயுவாக வெளியேறுகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றி, ஒரு வாரம் கழித்து எடுத்தால் எலும்பு தன் வடிவத்தில் அப்படியே இருக்கும்; ஆனால் விரலால் வளைத்தால் ரப்பர் குழாய் மாதிரி வளையும். மிஞ்சியிருப்பது கொலாஜன் மட்டுமே. இன்னொரு எலும்பை நெருப்பில் வெண்மையாகும் வரை சுட்டால் நடப்பது இதற்கு நேர்மாறு. கொலாஜன் எரிந்துபோய்க் கனிமம் மட்டும் நிற்கும். அதுவும் வடிவம் மாறாது. ஆனால் அழுத்தினால் பொடிந்துவிடும்.

கட்டட வேலையில் கம்பி இல்லாத கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையில் விரிசல் விடும். கம்பி சேர்ந்தால் இரண்டையும் தாங்கும். எலும்பில் கொலாஜன் அந்தக் கம்பியின் இடத்தில் நிற்கிறது. கனிமம் தரும் கடினத்தால் எலும்பு உடல் எடைக்கு நசுங்குவதில்லை. நாரின் இழுவலிமையால் அது ஓடும்போதும் குதிக்கும்போதும் சற்றே வளைந்து கொடுத்துத் தப்புகிறது. குழந்தைகளின் எலும்பில் நாரின் பங்கு கூடுதல். அதனால்தான் சிறுவர் விழுந்தால் எலும்பு பச்சைக் குச்சியைப் போல ஒரு பக்கம் மட்டும் பிளந்து, மறுபக்கம் வளைந்து நிற்பதுண்டு.

நீண்ட எலும்பு ஒன்றை நெடுக அறுத்துப் பார்த்தால் அது முழுக்கத் திடமாக இல்லை என்பது தெரியும். தண்டின் சுவர் அடர்ந்த எலும்பால் ஆனது. நடுவே உள்ள குழாயில் மஜ்ஜை நிறைந்திருக்கும். முனைகளில் மெல்லிய எலும்பு இழைகள் பின்னிய பஞ்சுபோன்ற பகுதி உண்டு. அந்த இழைகள் தாறுமாறாகக் கிடப்பவை போலத் தோன்றினாலும், எடை எந்தத் திசையில் இறங்குகிறதோ அந்தத் திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. 1860களில் உடற்கூற்று அறிஞர் ஹெர்மன் வான் மெயரும் பொறியாளர் கார்ல் குல்மனும் தொடை எலும்பின் தலைப்பகுதியில் இந்த ஒழுங்கைக் கண்டனர். எலும்பு தன் மேல் விழும் சுமைக்கேற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்ற விதியை 1892இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் விரிவாக எழுதினார். டென்னிஸ் வீரரின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பு மறு கையைவிடத் தடித்திருப்பது இந்த விதியின் ஒரு பக்கம். எடையே இல்லாத விண்வெளியில் மாதக்கணக்கில் தங்கும் வீரர்கள், இடுப்பு போன்ற எடை தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தியை இழப்பது மறுபக்கம்.

இடிப்பதும் கட்டுவதும்

சுமைக்கேற்ப எலும்பு மாறுகிறது என்றால் அந்த வேலையைச் செய்பவை எலும்பில் வாழும் செல்களே. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல் அமிலத்தையும் நொதியையும் சுரந்து பழைய எலும்பைக் கரைக்கிறது. அந்தப் பள்ளத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் வந்து கொலாஜனை இடுகின்றன. அதன் மேல் கனிமம் படிகிறது. இப்படிக் கட்டிய செல்களில் சில, தாம் கட்டிய எலும்புக்குள்ளேயே தங்கி ஆஸ்டியோசைட் ஆகின்றன. நுண்ணிய கால்வாய்கள் வழியே ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கும் இவை, எங்கே அழுத்தம் கூடுகிறது, எங்கே நுண்விரிசல் விழுந்திருக்கிறது என்பதை உணர்ந்து மற்ற இரு வகைச் செல்களுக்கும் சைகை அனுப்புகின்றன. ஓரிடத்தில் கரைப்பு சில வாரங்களில் முடியும். மீண்டும் கட்டிமுடிக்கச் சில மாதங்கள் ஆகும். வளர்ந்தவரின் எலும்புத் தொகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் இவ்வாறு புதிதாகிறது.

எலும்பு முறிந்தால் ஒட்டுவதும் இதே திறனால்தான். முறிவிடத்தில் முதலில் இரத்தம் கட்டுகிறது. சில நாட்களில் அங்கே நாரும் குருத்தெலும்பும் சேர்ந்த மென்மையான முடிச்சு உருவாகிறது. பின்னர் அது எலும்பாகக் கெட்டிப்படுகிறது. கடைசியாகப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டு செல்கள் அந்த முடிச்சைச் செதுக்கி, எலும்பைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. மருத்துவமனையின் மாவுக்கட்டும், உள்ளே வைக்கும் பிளேட்டும் ஸ்குரூவும், மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் மரபு வைத்தியமும் எலும்பை ஒட்டவைப்பதில்லை. ஒட்டும் வரை அதை நேராகவும் அசையாமலும் வைத்திருக்கின்றன. ஒட்டும் வேலை எலும்பினுடையது. நேராக வைக்காமல் கட்டிவிட்டால் எலும்பு கோணலாகவே ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் கட்டுவதற்கு முன் எக்ஸ்ரே பார்ப்பது அவசியமாகிறது.

தாங்குவதும் அசைப்பதும் மூளை, இதயம், நுரையீரலைக் காப்பதும் எலும்பின் வெளிப்படையான வேலைகள். வெளியே தெரியாத வேலைகளும் உண்டு. உடலிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. வளர்ந்தவருக்கு அது சுமார் ஒரு கிலோ. மீதி ஒரு சதவீதமே இரத்தத்திலும் செல்களிலும் உலவுகிறது. இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் நரம்பு சைகை கடத்தவும் இரத்தம் உறையவும் அந்த ஒரு சதவீதம் தேவை. அதன் அளவு குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் செய்கிறது. உணவில் கால்சியம் ஆண்டுக்கணக்கில் குறைந்தாலும் இரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவே தெரிவதும், எலும்பு மட்டும் சத்தமின்றி மெலிவதும் இதனால்தான். இரத்தச் செல்கள் உருவாவதும் எலும்புக்குள்தான். விலா, நெஞ்செலும்பு, இடுப்பெலும்பு, முள்ளெலும்பு ஆகியவற்றின் சிவப்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகிறது. சிறுநீரகம் எவ்வளவு பாஸ்பேட்டை வெளியேற்ற வேண்டும் என்று தெரிவிக்கும் ஓர் இயக்குநீரையும் எலும்பு சுரக்கிறது.

வலுவும் மெலிவும்

எலும்பின் வாழ்க்கையை மூன்று கட்டமாகப் பார்க்கலாம். வளரும் வயதில் கட்டுவது இடிப்பதை மிஞ்சுகிறது. நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் பதின்வயதின் பிற்பகுதியில் எலும்பாகி மூடிக்கொள்கின்றன. அதோடு உயரம் நிற்கிறது. காறை எலும்பின் உள்முனை மட்டும் இருபதுகளில் மூடுகிறது. 30 வயதை ஒட்டி எலும்பு தன் உச்ச அடர்த்தியை அடைகிறது. அதன் பின் இரண்டும் சிலகாலம் சமமாக ஓடி, வயது ஏற ஏற இடிப்பு முந்துகிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இந்த இழப்பு வேகமெடுக்கிறது. எலும்பின் அடர்த்தி இளம் வயதினரின் சராசரியிலிருந்து 2.5 நியம விலகலோ அதற்கு மேலோ தாழ்ந்தால் அதை எலும்புப்புரை என்று கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 1994இல் வரையறுத்தது. எலும்புப்புரை வலிக்காது. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு இடுப்பருகே தொடை எலும்பு முறியும்போதுதான் பல வீடுகளில் அது தெரியவருகிறது. அந்த முறிவு முதியவரைப் படுக்கையில் தள்ளி, சளியும் படுக்கைப்புண்ணும் வர வழிவகுப்பதால் உயிருக்கே ஆபத்தாக முடிவதுண்டு.

எலும்பு உயிருள்ளது என்பதால் கவனிப்புக்கு அது பலன் தருகிறது. எடையைத் தாங்கிச் செய்யும் எந்த வேலையும் நடையும் அதற்கு உரம். கால்சியத்துக்குப் பால், தயிர், கேழ்வரகு, முள்ளோடு உண்ணும் சிறு மீன்கள் நல்ல வழி. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. வைட்டமின் டி இல்லாவிட்டால் குடல் அந்தக் கால்சியத்தைப் போதிய அளவு உறிஞ்சாது. வெயில் படும் தோலில் அந்த வைட்டமின் உருவாகிறது. நாள் முழுவதும் அறைக்குள் வேலை செய்யும் நகரவாசிகளிடம் இந்த வைட்டமின் குறைபாடு மிகுதி.

எலும்பு எதை உள்வாங்குகிறதோ அதுவாக ஆகிறது என்பதற்குக் கசப்பான சான்று ஃபுளோரோசிஸ். குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்தால் அது எலும்பின் கனிமத்தில் குடியேறுகிறது. எலும்பு தடித்து, தசைநார்கள் கெட்டிப்பட்டு, முதுகு விறைத்துக் கூன் விழும். இந்தியாவில் இந்நோய் 1937இல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்து ஊர்களில் கண்டு எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டுமே நம்பியிருந்த ஊர்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. நீர்க்குழாய் போட்ட திட்டமாகத் தோன்றினாலும் அது எலும்புகளைக் காக்கும் திட்டம்.

வாழ்ந்த உடலின் கதை உலர்ந்த எலும்பிலும் எஞ்சியிருக்கிறது. ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளிலிருந்து 1876இல் ஜாகோர் என்ற ஆய்வாளரும் அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரே என்ற தொல்லியலாளரும் அகழ்ந்தெடுத்தவற்றில் மண்டையோடுகளும் எலும்புகளும் இருந்தன. இத்தகைய எலும்புகளில் வளர்ச்சித் தட்டு மூடியிருக்கிறதா என்பது வயதைச் சொல்லும். இடுப்பெலும்பின் அகலம் ஆணா பெண்ணா என்று காட்டும். தொடை எலும்பின் நீளம் உயரத்தைக் கணிக்க உதவும். தசை பற்றிய மேடுகள் வாழ்நாள் உழைப்பின் தழும்புகள். தடய அறிவியல் மருத்துவர்களும் தொல்லியலாளர்களும் படிப்பது இவற்றையே.

பிற உயிர்களின் சட்டகம்

முதுகெலும்புள்ள விலங்குகளுக்குச் சட்டகம் உடலின் உள்ளே இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கியின் நெடிய கழுத்திலும் மனிதனுக்கு உள்ளதுபோல் ஏழே முள்ளெலும்புகள் உண்டு. ஒவ்வொன்றும் நீண்டிருக்கிறது, அவ்வளவே. சுறாவுக்கும் திருக்கைக்கும் எலும்பே இல்லை. அவற்றின் சட்டகம் முழுவதும் குருத்தெலும்பு. இறால், நண்டு, பூச்சி ஆகியவற்றுக்குச் சட்டகம் வெளியே இருக்கிறது. கைட்டின் என்ற பொருளால் ஆன அந்த ஓடு உடலோடு சேர்ந்து வளராது. எனவே நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு வெளிவர வேண்டும். புதிய ஓடு கெட்டிப்படும் வரை அதன் உடல் மெத்தென்று பாதுகாப்பின்றி இருக்கும். மண்புழுவுக்கு எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. உடற்குழியில் நிறைந்த திரவத்தின் அழுத்தமே அதற்குச் சட்டகம். தசைகள் அந்தத் திரவத்தை அழுத்தி உடலை நீட்டவும் குறுக்கவும் செய்கின்றன. கணவாயின் உள்ளே இருக்கும் வெள்ளை ஓடு கடற்கரையில் ஒதுங்கும். கூண்டுப் பறவைகளுக்குக் கால்சியத்துக்காக அதைக் கொடுப்பார்கள், சித்த மருத்துவத்தில் அதன் பெயர் கடல்நுரை. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் நுண்ணிய உயிர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரந்த சுண்ணாம்புச் சட்டகங்களின் குவியல்.

செல்லுக்குள்ளும் ஒரு சட்டகம் இருக்கிறது. 7 நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்டின் இழைகள், 25 நானோமீட்டர் தடிப்புள்ள நுண்குழல்கள், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தடிப்புள்ள இழைகள் ஆகிய மூன்றும் சேர்ந்து செல்லுக்கு உருவம் தருகின்றன. இலங்கைப் பாடநூல்கள் இதைக் குழியவன்கூடு என்கின்றன. நுண்குழல்கள் நிமிடக் கணக்கில் நீண்டும் சுருங்கியும் மாறிக்கொண்டே இருக்கும். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்வது அவையே. உலர்ந்தது என்று பொருள்படும் ஒரு சொல், உயிரின் மிக நடமாட்டமான உறுப்புக்குப் பெயராகியிருக்கிறது.

உடலுக்கு வெளியே சொல்லின் பயணம்

உடலை விட்டு வெளியே வந்த பின்னும் ஸ்கெலிட்டன் என்ற சொல் பல பொருள்களில் வழங்குகிறது. முதலாவது, எஞ்சியது என்ற பொருள். எரிந்த பேருந்து எலும்புக்கூடாக நின்றது என்று தமிழ்ச் செய்தித்தாள் எழுதுவது இதுவே. அரச இலையை நீரில் ஊறவிட்டுப் பச்சைப் பகுதி அழுகிய பின் மிஞ்சும் நரம்புவலை, வண்ணம் தீட்ட உதவுகிறது; ஆங்கிலத்தில் அதற்கும் இதே பெயர். மெலிந்தவரை ஆங்கிலேயர் நடமாடும் ஸ்கெலிட்டன் என்பர். தமிழில் எலும்பும் தோலுமாக இருக்கிறார் என்பது வழக்கு.

இரண்டாவது, தாங்குவது என்ற பொருள். சிகாகோவில் வில்லியம் லெ பாரன் ஜென்னி வடிவமைத்து 1885இல் கட்டி முடிந்த பத்து மாடிக் கட்டடத்தில், எடையைச் சுவர்களுக்குப் பதில் உலோகச் சட்டம் பெருமளவு தாங்கியது. பின்னர் வந்த வானளாவிய கட்டடங்களுக்கு இந்த முறையே அடிப்படை. இன்று தெருவில் எழும் அடுக்குமாடி வீட்டில் முதலில் பில்லரும் பீமும் நிற்க, சுவர் பின்னர் எழுவதும் அதன் தொடர்ச்சி. வேதியியலில் கார்பன் அணுக்களின் தொடருக்கும் இதே சொல் வழங்குகிறது.

மூன்றாவது, நிரப்புவதற்கு முன் இடும் வரைவு. கட்டுரையின் தலைப்புகளை மட்டும் வரிசைப்படுத்துவதும், கணினி நிரலின் வெற்று அமைப்பை எழுதுவதும் இதில் அடங்கும். இங்கிலாந்து நீதிமன்றங்களில் வழக்கறிஞர் விசாரணைக்கு முன் எழுத்தில் தரும் வாதச் சுருக்கத்துக்கும் இந்தப் பெயர் உண்டு.

நான்காவது, இதற்கு மேல் குறைக்க முடியாத அளவு. விடுமுறை நாளில் அலுவலகம் ஓட வேண்டிய சொற்பப் பணியாளர்களை ஆங்கிலத்தில் இவ்வாறு குறிப்பர். பூட்டின் உள்தடைகளில் இடிக்காதபடி அலகை அராவி முனையை மட்டும் விட்டுவைத்த, பல பூட்டுகளைத் திறக்கும் சாவிக்கும் இதே அடைமொழி. பனிக்கட்டித் தடத்தில் தலை முன்னே குப்புறப் படுத்துச் செல்லும் விளையாட்டுக்கும் ஸ்கெலிட்டன் என்றே பெயர். வெறும் இரும்புச் சட்டமாகத் தெரிந்த சறுக்குவண்டியால் அந்தப் பெயர் வந்ததாகப் பொதுவாகச் சொல்வர். 1928, 1948 ஒலிம்பிக்கில் செயின்ட் மோரிட்ஸில் நடந்த இந்த விளையாட்டு, 2002இல் மீண்டும் ஒலிம்பிக்கில் சேர்ந்தது.

ஐந்தாவது, மறைத்து வைத்த அவமானம். அலமாரியில் ஸ்கெலிட்டன் இருக்கிறது என்ற ஆங்கில மரபுத்தொடர் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. வெளியே மதிப்பாகத் தெரியும் குடும்பத்துக்கோ ஆளுக்கோ, தெரிந்தால் தலைகுனிவைத் தரும் பழைய கதை ஒன்று உண்டு என்பது அதன் பொருள்.

தமிழில் எழுதும்போது

இத்தனை பொருள்களுக்கும் எலும்புக்கூடு என்ற ஒரே சொல்லைப் போட்டால் தமிழ் பிழைபடும். எலும்புக்கூடு ஊழியர்கள் என்று எழுதினால் வாசகர் மனத்தில் வேறு காட்சி எழும். அங்கே குறைந்தபட்சப் பணியாளர்கள் என்பதே தெளிவு. அந்தச் சாவிக்குக் கள்ளச்சாவி என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. கட்டடத்துக்குச் சட்டம், கட்டுரைக்கு வரைவு, நீதிமன்றத்துக்கு வாதச் சுருக்கம் பொருந்தும். அலமாரி எலும்புக்கூடு தமிழில் மூடி மறைத்த களங்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்ற பழமொழியை அதற்கு ஈடாகப் போடுவதும் பொருந்தாது. அந்தப் பழமொழி எல்லோருக்கும் தெரிவதை மறைக்க முயல்வதைச் சொல்கிறது. ஆங்கிலத் தொடரோ யாருக்கும் தெரியாமல் மறைந்திருப்பதைச் சொல்கிறது.

உடலைப் பற்றி எழுதும்போது இன்னொரு வேறுபாட்டையும் பேண வேண்டும். அகழாய்வுக் குழியில் கிடைப்பதையும் ஆய்வகத்தில் தொங்குவதையும் எலும்புக்கூடு என்பது சரி. உயிரோடிருக்கும் உடலில் தாங்கி, அசைத்து, இரத்தம் ஆக்கி, கால்சியத்தைக் காத்து, முறிந்தால் தானே ஒட்டிக்கொள்ளும் தொகுதியைக் குறிக்கும்போது எலும்பு மண்டலம், எலும்புச் சட்டகம், வன்கூடு ஆகியவற்றில் ஒன்றே பொருத்தம். நோயைப் பற்றிய செய்தியிலும் பாடநூலிலும் இந்த வேறுபாட்டைக் கடைப்பிடித்தால், எலும்பு மாறாத பொருள் என்ற எண்ணம் வாசகரிடம் குறையும். உணவாலும் நடையாலும் நல்ல குடிநீராலும் அதைக் காக்க முடியும் என்பது விளங்கும்.